உப்பளத்தில் ஒரு கூட்டு ஆய்வு: சேர்வதற்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, மருத்துவ ஆய்வாளர்களும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் ஆய்வுகள் உள்ளுக்குள் எப்படி நடக்கின்றன என்பது. நோயைப் பற்றிய ஆய்வு அல்ல. நோயை ஆராயச் சேர்ந்த இரண்டு தரப்பில் முடிவெடுப்பது யார், பணம் யார் கையில், தரவு யார் கையில் என்று பார்க்கும் ஆய்வு. தூத்துக்குடி மாவட்டத்தில் உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரக நலத்தைப் பற்றி ஒரு மருத்துவக் கல்லூரியும் ஒரு தொழிலாளர் சங்கமும் சேர்ந்து தொடங்கிய ஆய்வு எனக்குக் களமாகக் கிடைத்தது. இரண்டின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. அந்த வேலையில் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் வீணாயிற்று. கையிலிருந்து சுமார் 1,30,000 ரூபாய் போயிற்று. அதில் பாதி அம்மாவின் நகையை அடகு வைத்து வந்த பணம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தனியாகத் தவித்த நாட்கள் அவை. இதே வழியில் வரப்போகிறவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், இந்த வகை ஆய்வின் மேல் எனக்கு ஏன் அவ்வளவு நம்பிக்கை என்று சொல்லிவிட வேண்டும். ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஏக்ஜுட் என்ற அமைப்பு பழங்குடிப் பெண்களைக் குழுக்களாகக் கூட்டி, பிரசவத்திலும் பிறந்த குழந்தைக்கும் என்ன பிரச்சினை, நாமே என்ன செய்யலாம் என்று மாதந்தோறும் பேச வைத்தது. லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை முறையாக அளந்தார்கள். 2010இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: அந்தக் குழுக்கள் இருந்த பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு மூன்று ஆண்டுகளில் 32 சதவீதம் குறைவாக இருந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை. அதற்கும் முன்னால், 1989இல், மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் இருவரும் இரண்டு கிராமங்களில் பெண்களைப் பரிசோதித்தபோது 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மகளிர் நோய் இருந்தது. அதுவரை தாய்சேய் நலம் என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்த உலகம், கர்ப்பமில்லாத நேரத்திலும் பெண்ணுக்கு உடம்பு இருக்கிறது என்று கவனிக்கத் தொடங்கியதில் அந்த ஆய்வுக்குப் பெரிய இடம் உண்டு. இவற்றைப் படித்துவிட்டுத்தான் நான் களத்துக்கு வந்தேன். இன்றும் அந்த நம்பிக்கை குறையவில்லை. ஆனால் இதழில் வரும் கட்டுரைகள் ரசீதைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவதில்லை.

உப்பளத்தை நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். பாத்தியில் கணுக்கால் அளவு உப்புநீரில் நின்று, நீண்ட கம்பு பூட்டிய வாருபலகையால் உப்பை வரப்புக்கு இழுக்க வேண்டும். பிறகு அதைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வெள்ளை உப்பில் பட்டுக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இவ்வளவு வியர்வை போகும் இடத்தில் குடிக்கும் தண்ணீரோ மிகக் குறைவு. எனக்குப் பழக்கமான ஓர் அக்கா வீட்டிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார். வேலை முடிந்து திரும்பும்போது அதில் பாதி அப்படியே இருக்கும். பாட்டிலின் மூடியைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். தாகமில்லையா என்று கேட்டேன். “தாகத்துக்கென்ன குறைச்சல் பாப்பா? குடித்துவிட்டு எங்கே போய் உட்கார?” என்றார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டவெளி. கழிப்பறை கிடையாது.

வெயிலில் உழைக்கிறவர்களுக்குச் சிறுநீரகம் கெடுவது நம் ஊருக்கு மட்டும் உரிய கதை அல்ல. நிகராகுவாவின் சிச்சிகல்பாவில் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் இளம் வயதிலேயே சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 2008இல் அங்குள்ள தொழிலாளர்கள் உலக வங்கிக் குழுமத்தின் குறைதீர்ப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். அதன்பின் நடந்த பேச்சுவார்த்தையில், காரணத்தை யார் ஆராய்வது என்பதைத் தொழிலாளர் அமைப்பும் ஆலைத் தரப்பும் சேர்ந்தே தேர்ந்தெடுத்தார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு அப்படித்தான் உள்ளே வந்தது. ஆய்வாளரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியது. நான் சேர்ந்த இடத்தில் அந்தத் தேர்வு ஏற்கெனவே முடிந்திருந்தது. கல்லூரி திட்டம் எழுதி, நிதி கிடைத்த பிறகே சங்கத்தைத் தேடி வந்திருந்தது. நீங்கள் ஒரு கூட்டு ஆய்வில் சேரப்போகிறீர்கள் என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: திட்ட வரைவு எழுதிய அன்று மக்கள் தரப்பில் யார் உடனிருந்தார்கள்? யாரும் இல்லை என்றால், அதன்பின் நடக்கும் எல்லாமே திட்டம் எழுதியவர்கள் தீர்மானித்த சட்டகத்துக்குள் இடம் கேட்பதாகத்தான் இருக்கும்.

2023 ஜனவரியில், மனிதர்களை வைத்து நடத்தும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்தேன். தூத்துக்குடியில் உப்பு உற்பத்தி ஏறக்குறைய பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை. உச்சி வெயில் மாதங்களில் களத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு. என் பல்கலைக்கழகத்தின் குழு, கல்லூரியின் அனுமதிக் கடிதம் வந்தால்தான் பார்ப்போம் என்றது. கல்லூரியின் குழு, பல்கலைக்கழகத்தின் அனுமதி வந்த பிறகுதான் எடுத்துக்கொள்வோம் என்றது. இரண்டும் மாதா மாதம் கூடுவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு திருத்தம், மறுபடி அடுத்த கூட்டம். அனுமதி கையில் கிடைத்தபோது செப்டம்பர் முடிய இருந்தது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, பாத்திகள் தண்ணீரில் மூழ்கின. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதங்களில் வேலை இருக்காது என்பதால்தான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. என் உதவித்தொகையோ மழையைப் பார்த்து நிற்கவில்லை. ஒரு பருவம் தவறினால் ஒரு மாதம் தவறுவது இல்லை, ஒரு வருடம் தவறுகிறது.

இதிலிருந்து வரும் யோசனை: தொழிலின் நாட்காட்டியை முதலில் வரைந்துகொண்டு அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பிப்ரவரியில் களம் என்றால் அதற்கு முந்தைய ஜூனிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும். இரண்டு நிறுவனங்கள் சம்பந்தப்பட்டால், எது முதலில் பார்க்கும், எது அதை ஏற்றுக்கொள்ளும் என்று இரு குழுவின் உறுப்பினர் செயலரிடமும் மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். நேர்காணலும் கூட்டக் கவனிப்பும் மட்டும் உள்ள உங்கள் ஆய்வை, ரத்தம் எடுக்கும் பெரிய ஆய்வோடு ஒரே விண்ணப்பமாகச் சேர்க்காதீர்கள். ஆபத்து குறைந்த ஆய்வுகளை விரைவாகப் பரிசீலிக்க வழி உண்டு. என்னுடையது பெரிய விண்ணப்பத்தின் வாலாக ஒட்டிக்கொண்டிருந்ததால் அதன் ஒவ்வொரு திருத்தத்துக்கும் நானும் காத்திருந்தேன்.

ஆனால் அந்த மழைக்காலம் முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன். வேலை இல்லாத அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் மக்களுக்குப் பேச நேரம் இருந்தது. சங்க அலுவலகத்தின் மாடியில் கேள்வித்தாளை வரி வரியாகப் படித்தோம். கல்லூரி எழுதியிருந்த கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்கிறீர்கள்? பெண்கள் சிரித்துவிட்டார்கள். கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, மாதவிடாய் நாட்களில் என்ன செய்கிறீர்கள், சிறுநீரை எத்தனை மணி நேரம் அடக்குகிறீர்கள் என்று கேட்காமல் தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்டு என்ன பயன் என்றார்கள். இன்னொருவர், இடுப்பு வலிக்கும் கை வலிக்கும் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்றார். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சில வலி நிவாரணிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கேள்வி தாளில் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது ரத்தம் எடுக்கும் நேரம். வேலை முடிந்து வருகிறவர்களை முற்பகலில் வழியிலேயே நிறுத்தி எடுப்பது என்பது திட்டம். “அந்த நேரத்தில் எங்கள் ரத்தம் எங்கள் ரத்தமாகவா இருக்கும் சார்? ஓய்வு நாளில் வந்து எடுங்கள்” என்றார் சங்கத் தலைவர் அண்ணாச்சி. கடுமையாக உழைத்து, நீர் வற்றிய நிலையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் தற்காலிகமாக ஏறும். நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல, பாதிப்பு மூன்று மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும். கல்லூரியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஓய்வு நாளில் ஒன்று, மூன்று மாதம் கழித்து மறுபடி ஒன்று என்று திட்டம் மாறியது. கூட்டு ஆய்வு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இன்றும் சொல்வது அந்த மாடிக் கூட்டத்தைத்தான். அங்கே இருந்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

பிறகு டிசம்பர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது. விற்பனைக்கு வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்தோடின. வரப்புகள் உடைந்தன. பல வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். சங்கம் அரிசியும் பாயும் பிரித்துக் கொடுக்கும் இடமாக மாறிவிட்டது. நானும் அந்த வேலையில்தான் இருந்தேன். அந்த வாரத்தில் கல்லூரி அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பங்கேற்பாளர் பட்டியல் எப்போது முடியும், மார்ச்சுக்குள் நிதியாண்டுக் கணக்கு கொடுக்க வேண்டும் என்று. சேறு அப்பிய அந்தச் சங்கப் படிக்கட்டில் நின்றுகொண்டு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அழுதுவிட்டேன். கேட்டவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் மேலே ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் அந்த அழைப்பே வந்திருக்காது: வெள்ளம், புயல், வேலைநிறுத்தம், மரணம் போன்ற நேரத்தில் ஆய்வை நிறுத்திவைக்கும் அதிகாரம் மக்கள் தரப்புக்கு உண்டு, அந்தக் காலம் கெடுவில் சேராது என்று. கடலோர மாவட்டத்தில் வேலை செய்கிறவர்கள் இந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடவே கூடாது. நிதி கொடுத்தவர்களிடம் கால நீட்டிப்பு கேட்டபோது அவர்கள் தயங்காமல் கொடுத்தார்கள். அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பணம். நிதி ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையிடமிருந்து வந்தது. சங்கத்துக்கு ஒரு பங்கு கொடுப்பதாகத் தொடக்கக் கூட்டத்தில் பேச்சு. பிறகு கணக்குப் பிரிவு கையை விரித்தது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. ஆக, சட்டப்படி முழுப் பணமும் கல்லூரியிடம். கூட்டாளி என்று அழைக்கப்பட்ட சங்கம், தேநீர்ச் செலவுக்கும் கடிதம் எழுத வேண்டிய நிலை. அண்ணாச்சிக்கு இதைப் புரிய வைக்க நான்தான் அனுப்பப்பட்டேன். “கொடுக்க முடியாது என்று முதலிலேயே தெரியாதா?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் என்மேல் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

நாள் கூலிக்காரர் அரை நாள் நேர்காணலுக்கு உட்கார்ந்தால் அரை நாள் கூலி போகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை வழிகாட்டுதல்கள், பங்கேற்பவரின் பயணச் செலவையும் கூலி இழப்பையும் ஈடு செய்யலாம் என்றே சொல்கின்றன. நெறிமுறைக் குழு அந்தத் தொகையைப் பார்த்து ஒப்ப வேண்டும், ஆசை காட்டி இழுக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கக் கூடாது. ஆனால் எங்கள் கல்லூரியின் நடைமுறை, முதலில் செலவு செய், அச்சிட்ட ரசீது கொடு, பிறகு திருப்பித் தருகிறோம் என்பது. ஆட்டோக்காரரிடம் ஏது ரசீது? கூலி இழப்புக்கு யார் ரசீது கொடுப்பார்கள்? வந்து உட்கார்ந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப என்னால் முடியவில்லை. என் பணத்தைக் கொடுத்தேன். அறை வாடகை, ஸ்கூட்டருக்குப் பெட்ரோல், சில அவசர மருத்துவமனைப் பயணங்கள் என்று அதோடு சேர்ந்துகொண்டது. உதவித்தொகை முடிந்த பிறகும் களம் முடியவில்லை. அப்போதுதான் அம்மா கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். திரும்பி வந்தது செலவில் சிறு பகுதிதான்.

நீங்கள் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. கூலி ஈட்டுத் தொகையை விண்ணப்பத்திலேயே ரூபாயில் எழுதுங்கள். கையொப்பமோ பெருவிரல் ரேகையோ உள்ள பணப்பட்டுவாடாச் சீட்டை ரசீதாக ஏற்றுக்கொள்வோம் என்று கணக்கு அலுவலரிடம் களம் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் கேளுங்கள், கேட்டால் கொடுக்க விதி இருக்கிறது என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் அறிந்தேன். நிதி வெளிநாட்டிலிருந்து வருகிறதா என்று முதல் நாளே கேளுங்கள். நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றுவது வேறு, செய்த வேலைக்குத் தனிநபருக்குச் சம்பளம் கொடுப்பது வேறு. ஊரிலிருந்தே கள ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுத்து, கல்லூரி நேரடியாகச் சம்பளம் தருவதற்கு இடமுண்டா என்று கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் ஆய்வில் பாதி வழியில் அப்படித்தான் இரண்டு இளம்பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் வந்த பிறகு மக்கள் சொன்ன பதில்களின் தரமே மாறிவிட்டது.

2024 கோடையில் ரத்தம் எடுத்தார்கள். உடைந்த வரப்புகளைச் சரிசெய்து பாத்திகள் வேலைக்குத் தயாராகவே தாமதமாகியிருந்தது. அதன்பின் வந்த மாதங்கள்தான் எனக்கு மிகக் கடினம். முடிவுகள் கல்லூரியின் கணினியில் இருந்தன. இரண்டாம் சுற்று முடிந்து, மொத்தமாகப் பகுப்பாய்வு செய்த பிறகுதான் சொல்வோம் என்றார்கள். களத்தில் இருந்தது நான். “என் ரத்தம் என்ன ஆயிற்று பாப்பா?” என்று அந்தப் பாட்டில் அக்கா ஒவ்வொரு முறையும் கேட்பார். பஸ் நிறுத்தத்தில், ரேஷன் கடையில், கோயில் கொடையில், எங்கே பார்த்தாலும் அதே கேள்வி. எனக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் யாருக்கோ அளவு கூடியிருந்தால், அவர் அதை அறியாமல் தினமும் வெயிலில் நின்று வலி மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதும் உண்மை. இரவில் தூக்கம் வராது. கடைசியில் நான் ஒரு கடிதம் எழுதினேன். சங்கம் ஒரு கடிதம் எழுதியது. நெறிமுறைக் குழுவுக்குப் பிரதி போட்டோம். ஒரு வாரத்தில் அளவு கூடியவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லும் ஏற்பாடு நடந்தது. அக்காவுக்கு அளவு சரியாக இருந்தது. சரியில்லாதவர்களும் இருந்தார்கள்.

ஆகவே, ரத்தமோ சிறுநீரோ எடுக்கும் எந்த ஆய்விலும் இந்த மூன்றை எழுதி வாங்காமல் களத்தில் இறங்காதீர்கள்: தனிநபர் முடிவு எத்தனை நாளில் அவர் கைக்குப் போகும், எந்த அளவுக்கு மேல் இருந்தால் உடனே அழைப்பார்கள், அப்படி அழைத்தவரை எந்த மருத்துவமனையில் எந்த மருத்துவர் பார்ப்பார். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே பேசி வைத்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வழியாகத் தொடர்ந்து கவனிக்க வழி கிடைக்கும். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு அதை எடுத்துக் கொடுப்பதையும் ஆய்வின் வேலையாகவே நினைத்துச் செய்யுங்கள். ஆய்வுக்கும் சேவைக்கும் இடையே கோடு போட வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போவதற்கு அந்தக் கோடு அனுமதி கொடுக்கவில்லை.

மிச்ச ரத்தம் என்ன ஆகும் என்ற கேள்வியைச் சங்கம்தான் எழுப்பியது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் பழங்குடியினருக்கு நடந்ததை அவர்களுக்குச் சொன்னேன். நீரிழிவை ஆராய்வதாகச் சொல்லி 1990 முதல் அவர்களிடம் எடுத்த ரத்தத்தை, மனச்சிதைவு, உறவுக்குள் மணம், முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் போன்ற ஆய்வுகளுக்கும் பயன்படுத்தியது பின்னால்தான் தெரியவந்தது. வழக்கு நடந்து, 2010இல் பல்கலைக்கழகத் தரப்பு 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பித் தந்தது. அண்ணாச்சி கடைசி வரை அமைதியாகக் கேட்டுவிட்டு, “நம் தாளிலும் அதை எழுதிவிடுவோம்” என்றார். சிறுநீரக ஆய்வு தவிர வேறு எதற்கும் மறுபடி ஒப்புதல் பெறாமல் பயன்படுத்தக் கூடாது, இத்தனை வருடத்துக்குப் பின் அழிக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். கல்லூரித் தரப்பில் எதிர்ப்பே இல்லை. இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும்: சங்கம் சம்மதித்துவிட்டது என்பதால் தனிநபர் சம்மதித்ததாக ஆகாது. சங்கத் தலைவர் அருகில் நிற்கும்போது ஒரு பெண் வேண்டாம் என்று சொல்வது கடினம். ஒப்புதல் கேட்கும் இடத்தில் சங்கத்தாரும் இருக்க வேண்டாம், கங்காணியும் இருக்க வேண்டாம்.

கடைசிச் சிக்கல் என் சொந்த ஆய்வேட்டில் வந்தது. கூட்டு எப்படி நடக்கிறது என்பதுதானே என் தலைப்பு. தொழிலாளர்களிடம் ஒப்புதல் வாங்கி, அவர்கள் பேச்சைப் பதிவு செய்தேன். மருத்துவர்கள் கலந்துகொண்ட கூட்டங்களைப் பதிவு செய்யலாமா என்று கேட்டபோது, எதற்கு என்றார்கள். தாங்களும் ஆராயப்படுகிறவர்கள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு வழியாகக் குறிப்பெடுக்க மட்டும் அனுமதி கிடைத்தது. அந்தக் குறிப்புகளை வைத்து, முடிவுகள் தாமதமானதைப் பற்றியும் பணம் சங்கத்துக்குப் போகாததைப் பற்றியும் ஓர் அத்தியாயம் எழுதினேன். சமர்ப்பிப்பதற்கு முன் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்துவிட்டு, எடுத்துவிடச் சொன்னார்கள். என் நெறியாளர் என் பக்கம் நின்றார். இருந்தும் அது தீர ஐந்தாறு மாதம் ஆயிற்று. அவர்களுடைய மறுப்பை அதே அத்தியாயத்தின் முடிவில் அவர்கள் வார்த்தையிலேயே சேர்ப்பது, நான் எழுதியதில் எதையும் நீக்குவதில்லை என்று முடிந்தது. நியாயமான முடிவு. ஆனால் இதை முதல் நாளே எழுதியிருக்கலாம்: இரு தரப்பும் வரைவைப் படிக்கலாம், பிழை சுட்டலாம், மறுப்பு எழுதலாம், நீக்க முடியாது. கூட்டு ஆய்வை ஆராய வருகிறவர்கள் ஒப்புதல் படிவத்தைப் பேராசிரியர்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்கள் கையொப்பம் வாங்கிய பிறகு பாத்திக்குப் போங்கள்.

ஆய்வின் முடிவை மக்களிடம் சொல்லும் கூட்டம் கல்லூரிக் கருத்தரங்குக்கு முன்பே சங்க மாடியில் நடந்தது. ஊர்க் கள ஆய்வாளர்கள் இருவரும்தான் பேசினார்கள். பெண்கள் அதிகம் கேட்டது கிரியேட்டினினைப் பற்றி அல்ல, கழிப்பறையையும் நிழற்கூரையையும் பற்றி. தண்ணீர் குறைவாகக் குடிப்பதற்குக் கழிப்பறை இல்லாதது காரணம் என்று அவர்களே சொல்லிச் சேர்த்த கேள்விகளின் பதில்கள் அறிக்கையில் தனிப் பகுதியாக வந்திருக்கின்றன. அதை எடுத்துக்கொண்டு சங்கம் மாவட்ட நிர்வாகத்திடம் மனு கொடுத்திருக்கிறது. சில அளங்களில் கழிப்பறை வந்திருக்கிறது; அந்த அக்கா வேலை செய்யும் அளத்தில் இன்னும் வரவில்லை. கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் கள ஆய்வாளர்கள் இருவரின் பெயரும் இருக்கிறது. முதல் வரைவில் அவர்கள் நன்றியுரையில்தான் இருந்தார்கள். வேலை தொடங்கும்போதே ஆசிரியர் யார் என்று பேசிவிடுங்கள் என்று இதற்காகவும் சொல்கிறேன்.

அண்மையில் வேறொரு நிறுவனத்திலிருந்து கண் நோய் பற்றி ஆராய வேண்டும் என்று சங்கத்தைத் தேடி வந்தார்கள். அண்ணாச்சி அவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு பக்கக் கேள்வித்தாளைக் கையில் கொடுத்தார். நிதி யாரிடமிருந்து, எங்கள் ஆட்களுக்குச் சம்பளம் எவ்வளவு, கூலி இழப்பை எப்படிக் கொடுப்பீர்கள், முடிவு எத்தனை நாளில், மாதிரிகளை என்ன செய்வீர்கள், வெள்ளம் வந்தால் என்ன என்று வரிசையாக இருக்கிறது. பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். பெரும்பாலானவற்றுக்குப் பதில் வந்துவிட்டது. சம்பளத்துக்கான பதில் வர வேண்டியிருக்கிறது. அது வந்த பிறகுதான் கூட்டம் என்று சொல்லிவிட்டார்.